மலிவு விலைத் தட்டில் பியானோ வாசிப்பது யார்? கண்டறியும் வழி

பழைய சிடி குவியலில் கையை விட்டுத் துழாவியவர்களுக்கு இந்த அனுபவம் கட்டாயம் இருக்கும். உறையில் நிலவொளி, ஓர் ஏரி, பெரிய எழுத்தில் பீத்தோவன் அல்லது ஷோப்பின். பின்புறம் பன்னிரண்டு உருப்படிகளின் பட்டியல். வாசித்தவர் பெயரை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். சிலவற்றில் அதுவும் இருக்காது. 'புகழ்பெற்ற கலைஞர்கள்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டு முடித்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து கேட்டால் வாசிப்பு ஆளை அசத்துகிறது. யார் இவர்?

கண்டுபிடிக்கலாம். சில தட்டுகள் ஒரே மாலையில் பிடிபடும், சில ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும். இறங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உறையில் உள்ள பெயர் ஒரு வாக்குமூலம். அதை அப்படியே நம்புவது எவ்வளவு தவறோ, விசாரிக்காமலேயே பொய் என்று தள்ளுவதும் அவ்வளவு தவறு. சாட்சியம் ஒலிக்குள்தான் இருக்கிறது.

பெயர் எப்படித் தொலைகிறது

மலிவு விலை நிறுவனங்கள் பலவும் சொந்தமாகப் பதிவு செய்வதில்லை. வேறெங்கோ பதிவான ஒலிநாடாக்களை மொத்தமாக வாங்கித் தங்கள் உறையில் போட்டு விற்கின்றன. ஒரே நாடா பத்து நிறுவனங்களுக்குப் போகும். கை மாற மாற, பெயர் உதிர்ந்துபோகும். எழுத்துப் பிழையோடு உருமாறும். சில சமயம் வேண்டுமென்றே மாற்றப்படும். ஒரே பதிவைப் புதுப் பதிவுபோல் இரண்டாம் முறை விற்க இதைவிட எளிய வழி கிடையாது. ஆல்பிரட் ஷோல்ட்ஸ் என்ற ஆஸ்திரியத் தயாரிப்பாளரின் நாடாக்கள் இப்படி எண்ணற்ற லேபிள்களில், அதாவது வெளியீட்டு நிறுவனப் பெயர்களில், உலவின. அவற்றில் அடிக்கடி தென்படும் 'ஆல்பெர்ட்டோ லிசியோ' என்ற இசை நடத்துநர் வெறும் பெயர்தான்; பெயருக்குப் பின்னால் ஆள் இல்லை.

இதைக் கேள்விப்பட்டதும் புதியவர்கள் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். நானும் போனேன். டுப்ராவ்கா டோம்ஷிச் என்ற பெயர் அதே வகைத் தட்டுகளில் திரும்பத் திரும்ப வந்தது. ஏதோ நிறுவனத்தின் பின்கட்டில் உட்கார்ந்து யாரோ புனைந்த பெயர் என்று பல காலம் நம்பியிருந்தேன். அவரோ 1940இல் பிறந்த ஸ்லோவேனியப் பியானோ கலைஞர், பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைனிடம் பயின்றவர். அவருடன் அதே தட்டுகளில் வரும் நடத்துநர் ஆன்டன் நானுட்டும் நிஜமான மனிதரே. இத்தனை நல்ல வாசிப்பு இத்தனை மலிவாக வராது என்ற என் எண்ணம்தான் பொய்.

மலிவு விலையில் நேர்மையான தட்டுகளும் ஏராளம். கிளாஸ் ஹைமன் 1987இல் ஹாங்காங்கில் தொடங்கிய நாக்ஸோஸ் சொந்தப் பதிவுகளைக் கலைஞர்களின் உண்மைப் பெயரிலேயே வெளியிட்டது. பீத்தோவன் சொனாட்டாக்கள் (பல பகுதிகள் கொண்ட தனிப் பியானோ உருப்படிகள்) முழுவதையும் ஹைடன் சொனாட்டாக்களையும் மொஸார்ட் கன்செர்ட்டோக்களையும் (தனிக்கலைஞரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பவை) அதற்காக வாசித்த ஹங்கேரியர் யெனோ யாண்டோவை, 'ஒரே ஆள் இவ்வளவு வாசிக்க முடியுமா' என்று சந்தேகப்படத் தேவையில்லை. உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஆல்பிரட் பிரெண்டலின் தொடக்க காலப் பதிவுகள் பல, வாக்ஸ் என்ற மலிவு லேபிளுக்காகச் செய்யப்பட்டவை.

கேட்பதற்கு முன் தட்டைப் படியுங்கள்

உறையை மூடி வைத்துவிட்டு உடனே இசையில் மூழ்கிவிடாதீர்கள். வட்டத்துக்குள் 'பி' எழுத்தும் பக்கத்தில் ஓர் ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஒலிப்பதிவின் உரிமையைக் குறிப்பது. வட்டத்துக்குள் 'சி' இருந்தால் அது உறை, அச்சு, வடிவமைப்பு ஆகியவற்றுக்கு உரியது. மலிவுத் தட்டுகளில் 'பி' ஆண்டு பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டாகவே இருக்கும். எனவே அதை ஒரு மேல்வரம்பாக மட்டும் கொள்ளுங்கள்: பதிவு அதற்கு முன்பு நடந்தது, எவ்வளவு முன்பு என்பது தெரியாது.

'டிடிடி', 'ஏடிடி', 'ஏஏடி' என்ற மூன்றெழுத்துக் குறியில் முதல் எழுத்துதான் நமக்கு வேண்டியது. 'டி' என்றால் டிஜிட்டல் கருவியில் பதிவானது. 'ஏ' என்றால் பழைய காந்த நாடா. டிடிடி என்று அச்சிட்டுவிட்டு உள்ளே நாடாவின் சீறல் கேட்டால், அந்த உறையின் மற்ற சொற்களையும் அதே கண்ணோடு படியுங்கள்.

தட்டைத் திருப்பி, பளபளக்கும் பக்கத்தின் உள்வளையத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பொடி எழுத்துகள் தெரியும். அது தயாரிப்பு எண். இரண்டு வெவ்வேறு லேபிள் தட்டுகளில் இந்த எண் ஒன்றாக இருந்தால் ஒரே மூலத் தகட்டிலிருந்து வந்தவை; பாதி வேலை முடிந்தது. 1994க்குப் பிறகு வந்தவற்றில் 'ஐஎஃப்பிஐ' என்று தொடங்கும் குறியீடும் இருக்கும். எந்த ஆலையில் அச்சானது என்பதை அது சொல்லும், யார் வாசித்தது என்பதைச் சொல்லாது.

கணினியில் போடுங்கள்

இந்தத் துறையின் மிகப் பெரிய மோசடி அம்பலமானது இந்த ஒரு செயலால்தான்.

ஜாய்ஸ் ஹாட்டோ என்ற ஆங்கிலேயப் பியானோ கலைஞரின் பெயரில், அவர் கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப் நடத்திய சிறு லேபிள் நூற்றுக்கும் மேற்பட்ட சிடிக்களை வெளியிட்டது. நோயோடு போராடிக்கொண்டே முதிய வயதில் இத்தனையும் வாசித்தார் என்று விமர்சகர்கள் வியந்தார்கள். அவர் 2006இல் மறைந்தார். 2007 பிப்ரவரியில் ஒரு ரசிகர் லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் எட்யூட் உருப்படிகள் அடங்கிய ஹாட்டோ தட்டைக் கணினியில் செருகினார். ஐடியூன்ஸ் என்ற இசை மென்பொருள் அதை லாஸ்லோ சிமோன் என்ற வேறொருவரின் தட்டு என்று காட்டியது. அலைவடிவங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது பெரும்பாலான உருப்படிகள் சிமோனுடையவையே என்று தெளிவானது. பிறகு மற்றத் தட்டுகளின் குட்டும் ஒவ்வொன்றாக உடைந்தது. கணவரும் ஒப்புக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு இப்படி ஓர் எலெக்ட்ரானிக் உதாரணம் கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்!

அந்த மென்பொருள் இசையைக் கேட்கவே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. சிடியில் ஒரு வினாடி 75 துண்டுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு டிராக்கும் எத்தனையாவது துண்டில் தொடங்குகிறது என்ற பட்டியல் தட்டின் தொடக்கத்தில் இருக்கும். பன்னிரண்டு டிராக்குகளின் நீளமும் இன்னொரு தட்டோடு ஒத்துப்போவது தற்செயலாக நடக்காது. நீங்களும் இதைச் செய்யலாம். மியூசிக்பிரைன்ஸ் போன்ற திறந்த தரவுத்தளங்கள் இதே பட்டியலைக் கொண்டு தேட உதவுகின்றன.

ஆனால் மறுவெளியீட்டாளர் டிராக்குகளின் வரிசையை மாற்றியிருந்தால் இந்த வழி பலிக்காது. ஷாஸம் போன்ற செயலிகள் அங்கே கைகொடுக்கும். அவை ஒலியின் கைரேகையைப் பிடிப்பவை. அவையும் தரவுத்தளத்தில் எந்தப் பெயர் ஏற்றப்பட்டிருக்கிறதோ அதைத்தான் சொல்லும். பொய்ப் பெயரில் ஏற்றியிருந்தால் பொய்ப் பெயரே பதிலாக வரும். பத்து இடங்களில் ஒரே பெயர் வந்தது என்று மகிழ வேண்டாம். பத்தும் ஒரே நாடாவின் பிள்ளைகளாக இருக்கலாம். அப்போது அது ஒரே சாட்சிதான்.

பெயருக்குப் பின்னால் ஆள் உண்டா

உறையில் ஏதேனும் பெயர் இருந்தால், அது இசைத்தட்டுக்கு வெளியே எங்காவது வாழ்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். போட்டிகளின் பரிசுப் பட்டியல், இசைக் கல்லூரியின் ஆசிரியர் பட்டியல், நாளிதழ்க் கச்சேரி விமர்சனம், இரங்கல் குறிப்பு: இவற்றில் ஒன்று போதும். கிழக்கு ஐரோப்பியப் பெயர்களில் உச்சரிப்புக் குறிகள் அச்சில் உதிர்ந்துவிடுவது வழக்கம். மலிவுத் தட்டுகளில் மொட்டையாக வரும் சில்வியா கப்போவா உண்மையில் சாப்போவா, ஸ்லோவாக்கியக் கலைஞர். முதலெழுத்தின் மேலிருந்த சிறு கொக்கி போனதும் ஆளே காணாமல் போய்விட்டார். ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால் முதலில் எழுத்துக்கூட்டலைப் பல விதமாக மாற்றித் தேடிப் பாருங்கள், பிறகுதான் சந்தேகம்.

கன்செர்ட்டோவாக இருந்தால் இசைக்குழுவையும் நடத்துநரையும் சேர்த்துத் தேடுங்கள். குழு நிஜமாக இருந்து தனிக்கலைஞர் மட்டும் பிடிபடவில்லை என்றால், அந்தக் குழு அந்த உருப்படியை யாரோடெல்லாம் பதிவு செய்தது என்று கேட்டால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

இசைக்குறிப்பைக் கையில் வைத்துக் கேளுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். இதற்குப் பெரிய இசைப் புலமை தேவையில்லை. குறிப்பைத் தோராயமாகப் பின்தொடரத் தெரிந்தால் போதும். பதிப்புரிமை முடிந்த இசைக்குறிப்புகள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பவர் ஆம் அல்லது இல்லை என்று முடிவெடுத்தே ஆக வேண்டிய இடங்கள் ஒவ்வோர் உருப்படியிலும் உண்டு. அவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா, டி 960 ('டி' அவர் படைப்புகளின் பட்டியல் எண்). முதல் பகுதியின் முன்பாதியைத் திரும்ப வாசிப்பவர்கள் உண்டு, வாசிக்காதவர்கள் உண்டு. திரும்பப் போவதற்கென்றே ஷூபர்ட் ஒன்பது அளவைகள் (இசைக்குறிப்பில் கோடுகளால் பிரிக்கப்படும் தாளப் பகுதிகள்) தனியாக எழுதியிருக்கிறார்; வேறெங்கும் அவை வராது. பிரெண்டல் அவற்றைத் தவிர்த்தவர். ஆகவே அந்த ஒன்பது அளவைகள் உங்கள் தட்டில் ஒலித்தால், அவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

ஷோப்பினின் இரண்டாம் சொனாட்டாவில், சாவு அணிவகுப்பு வருமே அதில், மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். முதல் பகுதியைத் திரும்ப வாசிக்காதவர்கள் ஒரு சாரார். திரும்புபவர்களில் சிலர் தொடக்கத்தின் கனத்த நான்கு அளவைகளுக்கே போவார்கள்; சிலர் அதற்கடுத்த வேகமான இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

முஸார்க்ஸ்கியின் 'கண்காட்சிச் சித்திரங்கள்' தொகுப்பில் மாட்டுவண்டிக் காட்சி எப்படித் தொடங்குகிறது? முஸார்க்ஸ்கி கைப்பட எழுதியதில் எடுத்த எடுப்பிலேயே பேரொலி. ரிம்ஸ்கி-கோர்சகாஃப் செம்மைப்படுத்தி 1886இல் வெளிவந்த பதிப்பில், வண்டி தூரத்திலிருந்து மெல்ல நெருங்கும். முதல் இரண்டு வினாடிகளிலேயே பாதிப் பேர் பட்டியலிலிருந்து விலகிவிடுவார்கள்.

மொஸார்ட் கன்செர்ட்டோக்களில் கடென்சா ஒரு வரப்பிரசாதம். இசைக்குழு நின்றுவிட, பியானோ மட்டும் தனியே வாசிக்கும் இடம் அது. கே 467க்கு ('கே' மொஸார்ட் படைப்புகளின் பட்டியல் எண்) அவர் எழுதிய கடென்சா நம்மிடம் இல்லை. ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார்கள், அல்லது தாமே எழுதிக்கொள்கிறார்கள். ஆகவே அது ஏறத்தாழ ஒரு கையெழுத்து. கே 466இல் இது அவ்வளவாக உதவாது. பெரும்பாலோர் பீத்தோவன் எழுதியதையே வாசிப்பார்கள். கே 488இல் மொஸார்ட்டே எழுதி வைத்துவிட்டதால் இன்னும் குறைவாக உதவும். அங்கே யாராவது புசோனியின் கடென்சாவை வாசித்தால் நிமிர்ந்து உட்காருங்கள், ஹோரோவிட்ஸாக இருக்கலாம்.

ராக்மனினாஃபின் மூன்றாம் கன்செர்ட்டோவில் தேர்ந்துகொள்ள இரண்டு கடென்சாக்கள்: ஒன்று துள்ளலானது, இன்னொன்று பெருத்தது. அவருடைய இரண்டாம் சொனாட்டாவுக்கு 1913, 1931 என இரு வடிவங்கள். பீத்தோவனின் 'அப்பாசியோனாட்டா' கடைசிப் பகுதியில் பின்பாதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லியிருக்கிறார்; பலர் கேட்பதில்லை. இப்படிச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

விபத்துகள்

பதிப்புத் தேர்வுகள் ஆளைச் சுட்டும். விபத்துகள் குறிப்பிட்ட ஒரு பதிவையே சுட்டும். ஒரே கலைஞர் ஒரே உருப்படியைப் பல முறை பதிவு செய்திருப்பார் என்பதை மறக்கக் கூடாது. பிரெண்டல் பீத்தோவன் சொனாட்டாக்களை மூன்று சுற்றுப் பதிவு செய்தார். க்ளென் கூல்ட் வாசித்த பாக்கின் 'கோல்ட்பெர்க்' 1955இல் 38 நிமிடம், 1981இல் 51 நிமிடம். பெயர் கிடைத்ததோடு வேலை முடியவில்லை.

எனவே ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது வினாடியில் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். தவறிய சுரம், பெடலின் கிறீச்சு, நாற்காலி முனகல், ஓர் இருமல், நாடாவை வெட்டி ஒட்டிய இடத்தில் ஒலியின் நிறம் மாறுவது. என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும் விட நம்பகமானது சுருதி விலகிய ஒரே ஒரு கட்டை. பதிவு நாளன்று ஒரு கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் லேசாகப் புளிக்கும். எதிரொலி சேர்த்தாலும் இடதுவலது மாற்றினாலும் அந்தப் புளிப்பு போகாது.

நீளத்தை ஒப்பிடும்போது ஏமாறாதீர்கள்

உறையில் அச்சிட்ட நேரத்தை நம்பாதீர்கள். டிராக் நீளத்தையும் அப்படியே எடுக்காதீர்கள். கடைசியில் எத்தனை வினாடி மௌனம் விட்டிருக்கிறார்கள் என்பது லேபிளுக்கு லேபிள் மாறும். முதல் சுரம் விழுந்த கணத்திலிருந்து கடைசி ஸ்வரக்கட்டு விழும் கணம் வரை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அளவுகள் பொருந்தவில்லை என்றால் விகிதத்தைப் பாருங்கள். ஒன்றில் 5 நிமிடம், மற்றதில் 4 நிமிடம் 48 வினாடி. அடுத்த டிராக் ஏழரை நிமிடம், மற்றதில் 7 நிமிடம் 12 வினாடி. இரண்டும் சரியாக 0.96 மடங்கு. மனித விரல்கள் இப்படிக் கணக்குப் போட்டு வாசிப்பதில்லை. நாடா வேகமாக ஓடியிருக்கிறது. அப்படியானால் சுருதியும் ஏறியிருக்க வேண்டும்: 440 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய 'ஏ' சுரம் 458இல் நிற்கும். ஏறவில்லை என்றால், சுருதியைத் தொடாமல் நேரத்தை மட்டும் நீட்டிச் சுருக்கும் மென்பொருள் வேலை செய்திருக்கிறது என்று பொருள். ஹாட்டோ விவகாரத்தில் கொடவ்ஸ்கி என்ற இசையமைப்பாளரின் படைப்பைக் கார்லோ கிராண்டே வாசித்த பதிவு ஏறத்தாழ 15 சதவீதம் இப்படி நீட்டப்பட்டிருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்

இப்போது சந்தேகப் பட்டியலில் மூன்று நான்கு பெயர்கள்தான் மிஞ்சியிருக்கும். அவர்களின் பதிவுகளை வாங்கியோ இரவல் பெற்றோ உங்கள் தட்டோடு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். முதல் சுரத்தை நேராக்குங்கள். பிறகு நடுவிலும் கடைசியிலும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே பதிவாக இருந்தால் மேடுபள்ளங்கள் கடைசி வரை கைகோத்து வரும். வேறு வாசிப்பாக இருந்தால், எவ்வளவு ஒத்ததாகத் தோன்றினாலும் பத்து வினாடிக்குள் பிசகும். ஒரே கலைஞர் ஒரே நாளில் இரு முறை வாசித்தாலும் பிசகும்.

இரண்டும் சிடியிலிருந்து வந்தவை என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு கலந்துவிடுங்கள். இரண்டும் ஒரே டிஜிட்டல் நகல் என்றால் எஞ்சுவது மௌனம். ஒலியளவோ எதிரொலியோ மாற்றியிருந்தால் முழு மௌனம் கிடைக்காது. அதனால் இந்தச் சோதனையில் தோற்றாலும் வழக்கு முடிந்துவிடாது. கறுப்பு இசைத்தட்டிலிருந்து எடுத்த ஒலிக்கு இது சுத்தமாக ஒத்துவராது. சுழலும் வேகம் சற்றே ஆடும். ஆகவே சுரங்கள் விழும் இடைவெளிகளைத்தான் ஒப்பிட வேண்டும். அதற்கு சோனிக் விஷுவலைசர் என்ற மென்பொருள் உதவும். நிக்கோலஸ் குக், கிரெய்க் சாப் என்ற இரு ஆய்வாளர்கள் ஷோப்பினின் மசுர்க்கா என்ற நடன வகை உருப்படிகளின் பல பதிவுகளில் வேக மாற்றங்களை அளந்துகொண்டிருந்தபோது, ஹாட்டோவின் கோடும் பியானோ கலைஞர் யூஜின் இஞ்சிக்கின் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. அவர்கள் மோசடி எதையும் தேடிப் போகவில்லை.

பாணியைக் கடைசியில் வையுங்கள்

'இந்தத் தொடுகை அவருடையதுதான், எனக்குத் தெரியும்' என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். டினு லிப்பாட்டி 1950இல் மறைந்த மேதை. அவர் வாசித்ததாக ஷோப்பினின் முதல் கன்செர்ட்டோ ஒன்றை, பேர்போன ஈஎம்ஐ நிறுவனமே வெளியிட்டது. ஆண்டுக்கணக்கில் அது லிப்பாட்டியாகவே விற்றது. 1981இல் வானொலியில் ஒலிபரப்பானபோதுதான், அது ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்காவின் பழைய செக் பதிவு என்று நேயர் ஒருவர் சுட்டிக்காட்டினார். செர்னி-ஸ்டெஃபான்ஸ்காவும் சாமானியர் அல்லர்; 1949 ஷோப்பின் போட்டியின் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பெயர் தெரிந்துவிட்டால் காது அந்தப் பெயருக்கு ஏற்றபடி கேட்க ஆரம்பித்துவிடும். பாணியைக் கொண்டு சந்தேகப் பட்டியலைத் தயாரிக்கலாம், தீர்ப்பு எழுதக் கூடாது.

கண்டுபிடித்ததை எழுதி வைக்கும் முறை

மூன்று சொற்களைப் பழக்கிக்கொள்ளுங்கள். அலைவடிவம் முழுவதும் பொருந்தினால் 'உறுதி'. பதிப்புத் தேர்வுகளும் நேரங்களும் பொருந்தி, ஒப்பிட மூலத் தட்டு கிடைக்காவிட்டால் 'பெரும்பாலும்'. பாணியும் ஊகமும் மட்டும் என்றால் 'இருக்கலாம்'. தொகுப்புத் தட்டுகளில் ஒவ்வொரு டிராக்குக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். முதல் மூன்றும் ஒருவர் என்பதால் நான்காவதும் அவரே என்று கொள்ள முடியாது. ஹாட்டோ தட்டுகளிலேயே ஒரே உறைக்குள் பலர் கலந்திருந்தார்கள்.

டிஸ்காக்ஸ், மியூசிக்பிரைன்ஸ் போன்ற இசைத்தட்டுத் தரவுத் தளங்களில் சேர்ப்பதாக இருந்தால், உறையில் அச்சான பெயரை, பொய்யாகவே இருந்தாலும், அழித்துவிடாதீர்கள். அடுத்த ஆள் அந்தப் பெயரைக் கொண்டுதான் தேடி வருவார். அதை அப்படியே விட்டு, எந்தப் பதிவோடு, எந்த டிராக்கில், எப்படி ஒப்பிட்டீர்கள் என்பதைக் குறிப்பாகக் கீழே எழுதுங்கள். அவரும் தன் கணினியில் அதைச் செய்து பார்க்கட்டும்.